நக்கோ என்றாள் மிதுனா

“மிது, சிட் டவுன். நோ ரன்னிங். குட் கேர்ள். சிட், சிட், சிட்.”

எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவின் வெளிக்கூடத்தில் ஒரு அம்மா தன் மகளிடம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாள். உயரம் அளக்கும் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த நான், இந்த ஆங்கிலத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தேன். பிறகு நினைவு வந்தது. மல்காஜ்கிரியில் எங்கள் மாடிவீட்டுக்காரர் தம் அல்சேஷனோடு தினமும் காலையில் பேசுகிற ஆங்கிலம் இது. அந்த நாய் உட்கார்ந்துவிடும். இந்தப் பெண் உட்காரவில்லை.

எட்டு வயது இருக்கும். சுவரை விரலால் தடவிக்கொண்டே கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினாள். திரும்பி வந்தாள். மறுபடி ஓடினாள். மூன்றாவது முறை சுவர் முடிந்த இடத்தில் நிற்காமல் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டாள். அப்போதுதான் படிகளைத் துடைத்திருந்தார்கள். ஃபினாயில் வாசனை கூடம் வரைக்கும் வந்தது.

“அடியே அம்மிணி! ஈரமா இருக்குது, வுழுந்துருவ! நில்லுடி!”

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் நின்றாள். ஒரு கால் படிக்கு மேல் அந்தரத்தில் இருந்தது. அதை மெதுவாகப் பின்னால் எடுத்து வைத்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அவள் வளையலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஓடிப்போய்க் கையைப் பிடித்த அம்மா, என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சாரி சிஸ்டர். தமிழ் வந்துருச்சு.”

சபையில் ஏப்பம் வந்துவிட்டால் சொல்வோமே, அந்தக் குரல்.

“வந்தா என்னம்மா? நல்லதுதானே. புள்ள நின்னுட்டால்லா?” என்றேன்.

என் தமிழைக் கேட்டதும் அவள் முகத்தில் முதலில் சந்தோஷம் வந்தது. செகந்திராபாத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் ஒரு தமிழ் ஆள் கிடைத்தால் வருமே, அது. உடனே அதைத் துரத்திக்கொண்டு பயம் வந்தது.

“நீங்க தமிழுங்களா? அய்யோ சிஸ்டர், புள்ள முன்னால பேசாதீங்க. தமிழ் அவ காதுலயே விழக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

குளியலறைக்குள் போன தமிழ்

அவள் பெயர் சுகந்தி. கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். கணவர் பிரபாகர் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. உப்பலில், மெட்ரோ ரயில் சத்தம் கேட்கிற தூரத்தில் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். ஒரே மகள் மிதுனா. அவளுக்கு ஆட்டிசம் என்று ஏற்கெனவே வேறோர் இடத்தில் பெயர் வைத்துவிட்டிருந்தார்கள். பேச்சு வரவில்லை. சத்தங்கள் வரும், பாட்டின் மெட்டு வரும், வார்த்தை வராது.

பள்ளிக்கூடத்தின் முதல்வரம்மாதான் காரணத்தைக் கண்டுபிடித்தாராம். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், கீழே விளையாடும் பிள்ளைகளிடம் தெலுங்கு, வேலைக்கு வருகிறவர் பேசுவது ஹிந்தி. “சைல்ட் கன்ஃப்யூஸ் ஆகிறாள். ஒரே மொழி வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்.

நாலு மொழியில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று வந்தால் நம் ஆட்கள் யோசித்து நேரத்தை வீணாக்குவதே இல்லை. முதலில் தமிழைத்தான் தூக்கி வாசலுக்கு வெளியே வைப்பார்கள். மற்ற மூன்றும் ஊரார் மொழி, விரட்டினால் கோபித்துக்கொள்ளும். இது நம் வீட்டு ஆள்தானே, பொறுத்துக்கொள்ளும்.

சுகந்தி தமிழ்வழியில் படித்தவள். அன்றிலிருந்து காலையில் எழுந்ததும் ஆங்கிலம்தான். ஈட், டிரிங்க், கம், கோ, ஸ்லீப். இத்தனைக்குள் ஒரு தாய் தன் மகளிடம் சொல்ல வேண்டியதெல்லாம் அடங்கிவிட வேண்டும்.

“சண்டை வந்தா என்ன செய்வீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பாத்ரூமுக்குப் போயிருவோமுங்க. குழாயைத் தொறந்து வுட்டுட்டுத் தமிழ்ல சண்டை போட்டுட்டு வருவோம். இங்கிலீஷ்ல எனக்குச் சண்டை போட வராதுங்க சிஸ்டர். பாதியிலயே தோத்துப் போயிருவேன்.”

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அப்புறம் குனிந்துகொண்டு சொன்னாள்:

“தாலாட்டுகூட வார்த்தை இல்லாம மெட்டை மட்டுந்தானுங்க பாடறேன்.”

அதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரீட்சைக்கு வராத பாடம்

இந்த இடத்தில் என் படிப்பின் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவில் பக்கம் நான் நர்சிங் படித்தபோது, குழந்தைகள் மருத்துவப் புத்தகத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு பத்தி இருந்தது. அதில் போட்டிருந்த பெயர்களை இன்று எழுதினால் இந்தத் தொடரை வெளியிடுகிற வார இதழே என் மேல் வழக்குப் போடும். பாடம் எடுத்த ஆசிரியை அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, “இது பரீட்சைக்கு வராது, திருப்புங்க” என்றார். திருப்பினோம். ஒரு தலைமுறை நர்சுகள் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு வந்தவர்கள்.

இப்போது நல்ல பெயர் வைத்திருக்கிறார்கள். நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள். ஆட்டிசம், கவனச்சிதறலோடு துறுதுறுப்பு, எழுத்துகள் பிடிபடாமல் போவது எல்லாம் இந்தக் குடைக்குள் வரும். எளிமையாகச் சொன்னால், மூளை தன்னைத்தானே கட்டிக்கொள்கிற காலத்திலேயே, பெரும்பாலும் கருவிலேயே, கொஞ்சம் வேறு மாதிரி கட்டிக்கொண்டுவிடுகிறது. காய்ச்சல் போல இறங்காது. ஒட்டிக்கொள்ளாது. தாய் செய்த எதனாலும் வந்தது இல்லை.

கடைசி வாக்கியத்தை எந்த உறவினரும் நம்பி நான் பார்த்ததில்லை. மாசமாக இருக்கும்போது கிரகணத்தில் வெளியே வந்தாள், மொபைல் பார்த்தாள், மரவள்ளிக்கிழங்கு தின்றாள், மாமியாரை எதிர்த்துப் பேசினாள். அப்பாவின் பக்கத்திலிருந்து ஒரு காரணமும் வராது. அவர் கிரகணத்தன்று கிரிக்கெட் ஆடியிருந்தாலும் சரி.

எங்கள் வேலை என்ன என்று கேட்பீர்கள். டாக்டர் பெயர் வைப்பார். அந்தப் பெயரோடு வந்த பிள்ளையை எடை மெஷினில் நிற்க வைப்பது நாங்கள். அந்த மெஷினின் இரும்புத் தட்டு சில்லென்று இருக்கும். உங்களுக்கும் எனக்கும் அது சில்லென்று மட்டும்தான் இருக்கும். சில பிள்ளைகளுக்குச் சுட்டதுபோல இருக்கும். டியூப் லைட்டின் ரீங்காரம் சிலருக்கு ரம்பம் அறுப்பதுபோலக் கேட்கும். சட்டைக் கழுத்தில் தைத்த துணிச்சீட்டு முள்ளாகக் குத்தும். பிள்ளை அலறும். வெளிக்கூடத்தில் யாராவது “ரெண்டு போடு போட்டா சரியாயிடும்” என்பார்கள்.

நாங்கள் ரெண்டு போட மாட்டோம். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை முதலில் என் கையில் கட்டிக் காட்டுவேன். பிள்ளையின் கையில் கொடுத்து இழுக்கச் சொல்வேன். சில நாள் அதோடு சரி. அழுத்தம் அடுத்த தடவைதான். “சிஸ்டர் நாள் பூரா விளையாடிக்கிட்டே சம்பளம் வாங்குறாங்க” என்று எங்கள் பிரிவைப் பற்றி மற்ற வார்டுகளில் பேச்சு உண்டு. அவர்கள் வந்து ஒரு நாள் விளையாடிப் பார்க்கட்டும்.

சென்ற வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், “இந்தப் பிள்ளைகள் கடைசியில் நார்மல் ஆகிவிடுவார்களா?” என்று கேட்டிருக்கிறார். நார்மல் என்றால் என் கணவரைப் போலவா? பாதுகாப்புத் துறை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தட்டில் ரசம் கூட்டைத் தொட்டுவிட்டால் வேறு தட்டு கேட்பார். கல்யாண வீட்டில் நாதஸ்வரம் தொடங்கினால் செருப்பைத் தேடுவார். ரயில் நேரங்களைப் பற்றிக் கேட்டால் நிறுத்தவே மாட்டார். அவரை யாரும் எந்த டாக்டரிடமும் கூட்டிப்போகவில்லை. எனக்குக் கட்டி வைத்தார்கள்.

திட்டுகிற மொழி எது?

எங்கள் டாக்டரம்மா வாரங்கல்காரர். தெலுங்கும் ஆங்கிலமும் பேசுவார், இரண்டையும் குறைவாகப் பேசுவார். மிதுனாவை நிறைய நேரம் பார்த்தார். அவளோடு தரையில் உட்கார்ந்தார். காது கேட்கிறதா என்று சோதிக்க வைத்தார், நன்றாகவே கேட்டது. அப்புறம் பெற்றோரை உள்ளே அழைத்தார்.

பிரபாகர் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி:

“டாக்டர், எந்த குவார்ட்டரில் பேச ஆரம்பிப்பாள்?”

டாக்டரம்மா சுகந்தியிடம் திரும்பி, “உனக்குக் கோபம் வந்தால் எந்த மொழியில் திட்டுவாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சுகந்தி கணவரைப் பார்த்துவிட்டுத் தயங்கிச் சொன்னாள். “தமிழ்.”

“அந்த மொழியில் அவளோடு பேசு. பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வராது, இருப்பது அதிகமாகவும் ஆகாது. அவளோடு முழுசாகப் பேச வீட்டில் ஒரு ஆள் வேண்டும். நீ இப்போது கால்வாசிதான் பேசிக்கொண்டிருக்கிறாய்.”

பேச்சு வரலாம், குறைவாக வரலாம், வராமலும் போகலாம் என்றார். படத்தைக் காட்டியோ சைகையாலோ தன் மனதைச் சொல்லக் கற்றால் அதுவும் பேச்சுத்தான் என்றார். பயிற்சிக்கு வாரத்தில் சில நாள் வரச் சொன்னார். அவ்வளவுதான். சத்தியம் எதுவும் செய்து கொடுக்கவில்லை.

பிரபாகருக்கு அது பிடிக்கவில்லை. தேதி சொல்லாத டாக்டர் அவருக்கு, தேதி சொல்லாத கம்பெனி மாதிரி. வெளியே வந்ததும் சுகந்தியிடம், “செகண்ட் ஒப்பீனியன் பார்ப்போம்” என்றார், ஆங்கிலத்தில்.

சுகந்தி அவருக்குத் தெரியாமல் தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் கொண்டுவந்தாள். குளியலறையிலிருந்து சமையலறை வரைக்கும் வந்தது. கூடத்துக்கு வரவில்லை. கூடத்தில் பிரபாகர் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்.

காஜா பாயின் ஆட்டோ

உப்பலிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரிக்கு மிதுனாவும் சுகந்தியும் காஜா பாயின் ஆட்டோவில் வருவார்கள். மெட்ரோவில் வந்தால் கதவு மூடும்போது வருகிற ஒலிக்கு மிதுனா காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிடுவாள். ஆட்டோ பிடித்திருந்தது. முன் சீட்டின் பின்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்து வருவாள்.

ஹைதராபாத்தில் ஆட்டோ ஏறியவர்களுக்குத் தெரியும். உள்ளே ஆள் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தாலும் வழியில் நிற்பவர்கள் கை காட்டிப் போக வேண்டிய இடத்தைக் கேட்பார்கள். “தார்நாகா?” “ஹப்சிகூடா?” காஜா பாய் ஒவ்வொருவருக்கும் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டி ஒரே பதில் சொல்வார்: “நக்கோ.” இந்த ஊர் உருதுவில் வேண்டாம் என்று அர்த்தம். சொன்னதும் அந்த ஆள் பின்வாங்கிவிடுவான். வழி நெடுக இதுதான் நடக்கும்.

ஒருநாள் பேச்சுப் பயிற்சி அறையில் மிதுனா மேஜைக்கு முன்னால் இருந்தாள். பயிற்சி கொடுக்கிற இளம்பெண் ஆப்பிள் படம் போட்ட அட்டையைத் தூக்கிக் காட்டி, “ஆப்பிள். சே, ஆப்பிள்” என்றாள். மாதக்கணக்கில் காட்டுகிற அதே அட்டை, ஓரமெல்லாம் மடங்கிப்போயிருந்தது. நான் கதவருகே நின்றிருந்தேன். சுகந்தி சுவரோரம் ஸ்டூலில் இருந்தாள்.

மிதுனா உள்ளங்கையைத் தூக்கினாள்.

“நக்கோ.”

காஜா பாயின் குரலேதான். அதே இழுப்பு, அதே சலிப்பு.

பயிற்சிப் பெண் பந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். “நக்கோ.” பூனை. “நக்கோ.” நான் மேஜை மேல் இருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து ஒன்றை நீட்டினேன். நக்கோ வரவில்லை. கை வந்தது. வாங்கித் தின்றாள்.

சுகந்தி ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “என்ற புள்ள பேசிருச்சு, என்ற புள்ள பேசிருச்சு” என்று தரையைத் தட்டினாள்.

எனக்கு அப்புறம் தோன்றியது இதுதான். ஆப்பிள் என்று சொன்னால் அந்த அட்டையிலிருந்து ஒரு நாளும் ஆப்பிள் வராது. நக்கோ என்று சொன்னால் எதிரில் நிற்கிற பெரிய மனுஷன் பின்வாங்குகிறான். புத்தியுள்ள பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

செய்தியைக் கேட்ட காஜா பாய் ஆட்டோவை ஓரம்கட்டிவிட்டு இறங்கினார். “கைக்கு ரோத்தே அம்மா, கைக்கு? பிட்டியா போலி நா!” என்றார். ஏன் அழுகிறீர்கள், குழந்தைதான் பேசிவிட்டதே என்று தேற்றினார். பிறகு அவருக்கே வெட்கம் வந்துவிட்டது. பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்திருந்தால் நல்ல வார்த்தையாகச் சொல்லியிருப்பேனே என்றார். மறுநாளிலிருந்து கை காட்டியவர்களிடம் “மாஃப் கீஜியே ஜனாப்” என்று மரியாதையாக மன்னிப்புக் கேட்டார். மிதுனா அதைச் சட்டை செய்யவில்லை.

பள்ளிக்கூடம் சந்தோஷப்பட்டது, கூடவே ஒரு திருத்தமும் அனுப்பியது. நக்கோ நாகரிகமான சொல் இல்லையாம். “நோ, தேங்க் யூ” என்று சொல்லப் பழக்க வேண்டுமாம். எட்டு வருஷம் வாய் திறக்காத பிள்ளை திறந்த வாயோடு நன்றியும் சொல்ல வேண்டும்.

பிரபாகர் தம் காதால் கேட்க மதிய வேளையில் விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். ஆப்பிள் அட்டையைத் தாமே பிடித்தார். “நக்கோ” என்றாள் மகள். அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு.

“இது என்ன லாங்வேஜ்? நாம இங்கிலீஷ்தானே கொடுத்தோம்?”

ஆர்டர் போட்ட பொருளுக்குப் பதில் வேறு பார்சல் வந்துவிட்டதுபோல ஆங்கிலத்திலேயே விசாரித்தார்.

மீன்தொட்டி வைத்த இடம்

அந்த ஒரு வார்த்தையே வினையானது. “இப்போதான் சரியான நேரம், மொமெண்டம் இருக்கும்போதே பண்ணணும்” என்று பிரபாகர் கிளம்பிவிட்டார். மாதாப்பூர் பக்கம் ஒரு சிகிச்சை மையம். ஸ்டெம் செல் என்று எதையோ முதுகுத்தண்டில் ஊசியாகச் செலுத்துவார்களாம். பேச்சு வந்துவிடுமாம். அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவில் வந்த வீடியோவில் ஒரு பையன் கவிதை சொன்னானாம்.

எங்கள் டாக்டரம்மா வழக்கத்துக்கு மாறாக நீளமாகப் பேசினார். இதற்கு இது பலன் தரும் என்று நிரூபணம் இல்லை, ஆராய்ச்சிக்கு வெளியே இதைச் சிகிச்சை என்று விற்கவே கூடாது, முதுகில் குத்துவதால் கிருமித் தொற்று வரலாம் என்றார். பிரபாகர் தலையாட்டினார். தலையாட்டியபடியே மையத்தில் நாள் வாங்கிவிட்டார்.

சுகந்தி என்னைத் தனியே பிடித்துக்கொண்டாள். “நீங்க கூட வருவீங்களா சிஸ்டர்? அவங்க பேசறது எனக்கு வெளங்காது. அவரு எல்லாத்துக்கும் ஓகே ஓகேங்கறாரு.”

எனக்கு அன்று விடுமுறை. போனேன். காரில் ஏறும்போதே பிரபாகர், “நர்ஸ்னு சொல்ல வேண்டாங்க. அத்தைன்னு சொல்லிக்கலாம்” என்றார். சரி என்று அன்றைக்கு மட்டும் அத்தையானேன்.

உள்ளே நுழைந்ததும் ஆளுயர மீன்தொட்டி. தோல் சோபா. காபி வாசனை. சுவரில் சிரிக்கும் வெளிநாட்டுக் குழந்தைகள். ஃபினாயில் வாசனை இல்லாத ஆஸ்பத்திரியை நான் நம்புவதில்லை. டை கட்டிய ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்தார். கவுன்சிலராம், எங்களோடு பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான். அவர் வாயில் ‘ஜர்னி’ என்ற சொல் அடிக்கடி வந்தது.

“இது உங்க மகளோட ஜர்னி சார். நாங்க கூட நடக்கிறோம்.”

“எத்தனை பிள்ளைகளுக்குப் பேச்சு வந்தது?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

“ஒவ்வொரு ஜர்னியும் யூனிக், ஆன்ட்டி.”

“ஊசி போட்ட பிறகு காய்ச்சல், வலிப்பு ஏதாவது வந்திருக்கா?”

“பாசிட்டிவா யோசிப்போம், ஆன்ட்டி.”

பிரபாகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தைகள் இவ்வளவு கேட்க மாட்டார்கள் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

முதல் கட்டமாக இரத்தம் எடுக்க வேண்டும் என்று உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். வெளியே இருந்த தோல் சோபாவெல்லாம் அங்கே முடிந்துவிட்டது. வெள்ளை விளக்கு, ஸ்டீல் தட்டு, இரண்டு உதவியாளர்கள். தட்டை மேஜையில் வைத்த சத்தத்துக்கே மிதுனாவின் தோள் குலுங்கியது. ஒருவரும் அவளிடம் எதையும் காட்டவில்லை, சொல்லவில்லை. கையில் கட்டுகிற ரப்பர் பட்டையை நேரே கொண்டுவந்தார்கள்.

மிதுனா பட்டையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். உள்ளங்கையைத் தூக்கினாள்.

“நக்கோ.”

உதவியாளர்கள் இருவரும் உள்ளூர்க்காரர்கள். சிரித்துவிட்டார்கள். “அரே, பாப்பா பக்கா ஹைதராபாதி!” என்றான் ஒருவன். சிரித்துக்கொண்டே அவள் தோளை அமுக்கிப் பிடித்தான். மற்றவன் முழங்கையைப் பிடித்தான்.

“நக்கோ! நக்கோ!”

நான் எழுந்துவிட்டேன். அதற்குள் சுகந்தி பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். “விடுங்க! வேண்டாங்கறா, காது கேக்கலியா?”

தமிழ் யாருக்கும் புரிந்திருக்காது. கை புரிந்தது. விட்டுவிட்டார்கள்.

டை கட்டியவர் பிரபாகரைப் பார்த்துச் சிரித்தார். “சார், குழந்தைங்க அப்படித்தான் சொல்லும். என்ன சொல்றோம்னு அதுக்கே தெரியாது. மேடம் கொஞ்சம் வெளியே இருந்தா…”

பிரபாகர் கையில் ஃபோனோடு சுவரோரம் நின்றிருந்தார். சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று போட்டுப் பார்க்க வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவர் இனி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மனைவியை வெளியே போகச் சொல்வார். போகாவிட்டால் அத்தையையும் சேர்த்துப் போகச் சொல்வார்.

அவர் ஃபோனை இறக்கினார்.

“ஒரு நிமிஷம். இந்த ட்ரீட்மென்ட் எதுக்குன்னு சொன்னீங்க?”

“ஸ்பீச், சார்.”

“இப்ப அவ என்ன பண்ணினா?”

“அது ஒரே ஒரு வார்த்தை சார். நாம எதிர்பார்க்கிறது மீனிங்ஃபுல் ஸ்பீச்.”

“ஊசியைப் பார்த்து வேண்டாம்னு சொன்னா. அதுல உங்களுக்கு என்ன மீனிங் குறையுது?”

அந்த மனிதரிடமிருந்து இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அவர் மகளின் உயரத்துக்குக் குனிந்தார்.

“வா சாமி, போலாம்” என்றார்.

கோபிப் பக்கத்துத் தமிழ். மகளிடம் அவர் பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்த தமிழ். கதைகளில் வருவதுபோல அவள் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொள்ளவில்லை. அவரைத் தாண்டி நடந்து போய் மீன்தொட்டியின் முன்னால் நின்றுகொண்டாள். ஒரு மஞ்சள் மீன் திரும்புகிற போதெல்லாம் தலையைத் திருப்பினாள். அவளுக்குப் போதும் என்று தோன்றும்வரை மூன்று பெரியவர்களும் பின்னால் நின்றோம். டை கட்டியவர் யாருக்கோ ஃபோன் செய்துகொண்டிருந்தார்.

காரில் மேம்பாலம் தாண்டியதும் சுகந்தி தொடங்கினாள். இத்தனை வருஷத்துக் கணக்கையும் ஒன்றுவிடாமல் தமிழில் தீர்த்தாள். பிரபாகரும் விடவில்லை. உப்பல் வரைக்கும் சண்டை. குழாய்ச் சத்தம் இல்லாத சண்டை. பின் சீட்டில் எனக்குப் பக்கத்தில் மிதுனா ஜன்னலில் நெற்றியை வைத்து மெல்ல ஆடிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தாள். அவளை அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பலூன் கட்டிய விழா

மிதுனா குணமாகவில்லை. குணமாக அதில் ஒன்றும் இல்லை என்று புரிந்துகொள்ள அந்த வீட்டுக்குச் சில வருஷம் பிடித்தது. நாகரிகப் பள்ளிக்கூடம் அவளை நாகரிகமாக வெளியே அனுப்பியது. லோத்குண்டாவில், ராணுவ நிலத்துச் சுவரை ஒட்டி அமைதியாக இருக்கிற ஒரு சிறிய பள்ளியில் சேர்த்தார்கள். இப்போது என் தோள் உயரம். தமிழில் கொஞ்சம் வார்த்தைகள் இருக்கின்றன, தெலுங்கில் சில. மீதியை டாப்லட்டில் படத்தைத் தொட்டுச் சொல்வாள். இடி இடித்தால் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வாள். கோபியிலிருந்து உறவினர்கள் ஃபோன் செய்து, “எப்பத்தான் சரியாவாளாம்?” என்று கேட்டால் சுகந்தி, “நீங்க எப்ப சரியாவீங்களோ தெரியலியே” என்று ஃபோனை வைத்துவிடுகிறாள்.

சமீபத்தில் எங்கள் ஆஸ்பத்திரியில் ஆட்டிசம் விழிப்புணர்வு விழா நடத்தினார்கள். நிர்வாகத்தில் யாரோ ரொம்ப யோசித்துத்தான் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு ஒலிபெருக்கிகள். பட் பட்டென்று வெடிக்கும் பலூன்கள். விட்டு விட்டு எரியும் நீல விளக்குகள். வாசலில் தப்பட்டைக் குழு. சத்தமும் வெளிச்சமும் தாங்காத பிள்ளைகளைக் கௌரவிக்க இதைவிடப் பொருத்தமாக எதுவும் செய்ய முடியாது.

தப்பட்டைக்கே பாதிப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். மைக் கீச்சிட்டதும் மீதிப் பாதி. ஒருத்தன் சாப்பாட்டு மேஜைக்கு அடியில். இரண்டு பேர் படிக்கட்டில். இன்னும் சிலரை அம்மாக்கள் காதைப் பொத்தி நடைபாதையில் அணைத்துக்கொண்டு நின்றார்கள். அரங்கில் நாங்களும் பலூன்களும் தலைமை விருந்தினரும்தான். அவர் காலி நாற்காலிகளைப் பார்த்து, “இந்தக் குழந்தைகள் கடவுளின் குழந்தைகள், இவர்களை நாம் புரிந்துகொள்ள வேண்டும்” என்று முழங்கிக்கொண்டிருந்தார்.

பக்கவாட்டுக் கதவு வழியாக மிதுனா உள்ளே வந்தாள். தோள்களை உயர்த்திக் காதுகளை அடைக்கப் பார்த்தபடி சுவரோரமாக நடந்தாள். சுகந்தி பின்னாலேயே வந்தவள், ஏனோ அவளைப் பிடிக்கவில்லை. ஒலிபெருக்கியிலிருந்து தரையில் ஓடிய கறுப்பு ஒயரை மிதுனா கண்ணால் பின்தொடர்ந்தாள். அது சுவரில் போய் முடிந்த இடத்தில் குனிந்தாள். பிடுங்கினாள்.

மின்விசிறிச் சத்தம் கேட்டது. தலைமை விருந்தினரின் வாய் கொஞ்ச நேரம் அசைந்துவிட்டு நின்றது. ஆஸ்பத்திரி மேலாளர் பதறிக்கொண்டு சுவரை நோக்கி ஓடினார்.

முன்வரிசையில் இருந்த டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை. “உண்டனிவ்வண்டி” என்றார். அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். மேலாளர் பாதி வழியில் நின்றார்.

முதலில் மேஜைக்கு அடியிலிருந்தவன் தலையை நீட்டினான். பிறகு படிக்கட்டில் இருந்த இருவர் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார்கள். நடைபாதையிலிருந்து அம்மாக்கள் கையை எடுத்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஒருத்தி நாற்காலியில் தலைகீழாக உட்கார்ந்தாள். ஒருவன் மேடைக்கே போய்த் தலைமை விருந்தினரின் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தான். அவர் கையில் இருந்த தாளை மடித்து வைத்துவிட்டு மேடைப் படியிலேயே உட்கார்ந்தார். தணிந்த குரலில் அவன் பெயரைக் கேட்டார். பதில் வரவில்லை. அவர் காத்திருந்தார்.

மிதுனா சுவரோரம் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டாள். பிடுங்கிய ப்ளக் அவள் மடியில் இருந்தது. விழா முடிகிறவரை யார் கேட்டும் கொடுக்கவில்லை.